எலியோடோரோ தலைமையில் ஒரு கோழிக் குழம்பு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக வரலாற்றில் பொறிக்கத்தக்க நாள் ஒன்று உண்டென்றால், அது பெரு நாட்டு லிமா நகரத்து ப்ரென்யா வட்டாரத்தில், ஓய்வுபெற்ற துணை இயக்குநர் எலியோடோரோ தம் வீட்டுச் சமையலறைக்குள் காலடி எடுத்துவைத்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்று அவருடைய மனைவி சொராய்டாவுக்கு அறுபது வயது. கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடமாகத் தன் பிறந்தநாள் சாப்பாட்டைத் தானே சமைத்து, எல்லாருக்கும் பரிமாறி, கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிட்டு வந்த பெண்மணி அவர். என்ன பரிசு வேண்டும் என்று கணவர் கேட்டதற்கு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தார்.

"வேற யாராவது சமைச்ச அஹி தே கயினா கோழிக் குழம்ப, ஒரே ஒரு தடவை, சுடச்சுட உக்காந்து சாப்பிடணும். அவ்வளவுதாங்க."

கோரிக்கை "பரிவுடன் பரிசீலிக்கப்பட்டது". குளிர்சாதனப் பெட்டியின்மேல் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: பிறந்தநாள் காண்பவர் சமையலறைக்குள் நுழையத் தடை. சமையல் குழுவுக்கு எலியோடோரோ தாமே தலைவரானார்; சொராய்டாவின் தம்பி ஃபெர்மின் துணைத் தலைவராக நியமிக்கப்பட்டார். வைன் புட்டியைத் திறப்பது அவர் பொறுப்பு; அதைக் காலை பத்து மணிக்கே நிறைவேற்றிவிட்டார்.

"நீ எந்திரிக்காதே!" என்று உள்ளிருந்து கத்தினார் எலியோடோரோ. "உக்காந்தபடியே சொல்லு. பெரிய பானை எங்க?"

"அடுப்புக்குக் கீழ."

"கீழன்னா எந்தக் கீழ?"

சொராய்டா எழுந்துபோய்ப் பானையை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு கத்திக்காக எழுந்தார், உப்புக்காக எழுந்தார். மஞ்சள் மிளகாயின் நரம்பை உரித்த கையாலேயே தலைவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டபோது, ஈரத் துணிக்காகவும் எழுந்தார். நிர்வாகம் அரைமணி நேரம் கட்டிலில் படுத்திருந்தது. அதற்குள் வெந்த கோழியை யாராவது நார்நாராகப் பிய்க்க வேண்டுமே! பிய்த்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

கண் தெளிந்ததும் தலைவர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, மிளகாய் விழுதோடு அரைத்து, பெருமையாக ஒரு கரண்டி நீட்டினார். ஃபெர்மின் சுவைத்துப் பார்த்தார்.

"மச்சான், இதுமேல மெழுகுவத்தி ஏத்திட்டா தனியா கேக் வாங்க வேண்டாம்."

சொராய்டா குப்பைத் தொட்டியில் கிடந்த டப்பாவை எடுத்துப் பார்த்தார்.

"என்னங்க இது? வத்தவெச்ச பாலை ஊத்தச் சொன்னா, சர்க்கரை போட்ட கெட்டிப்பாலை ஊத்தி வெச்சிருக்கீங்க!"

"டப்பாவும் டப்பாவும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"நகருங்க ரெண்டு பேரும்."

இதை யாரும் "சமைப்பது" என்று தவறாக எண்ணிவிடக் கூடாது. சொராய்டா ஊதியமில்லா ஆலோசகராக அங்கேயே நியமனம் பெற்றார். புதிதாக ரொட்டியை ஊறவைத்து, மிளகாயை வதக்கி அரைத்து, கொட்டைப்பருப்பும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, கோழியைப் போட்டுக் கிளறியது வெறும் ஆலோசனைதான். தலைவர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் கிளறு" என்று வழிநடத்தினார்.

பதினொரு விருந்தாளிகள் வந்தார்கள். உருளைக்கிழங்கின்மேல் பொன்னிறக் குழம்பும், அதன்மேல் பாதி முட்டையும் கறுப்பு ஆலிவும் வைத்த தட்டுகளை மேசைக்குக் கொண்டுபோனவர் ஆலோசகரே.

"அடேயப்பா, எலியோடோரோ! கை மணம்னா இதுதான்யா!" என்று எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. இந்தமுறை மிளகாயால் அல்ல.

எல்லாரும் இரண்டாம் தட்டு கேட்டார்கள். ஃபெர்மின் மூன்றாவதும் கேட்டார். பரிமாறி முடித்துச் சொராய்டா பானைக்குள் பார்த்தபோது அதை யாரோ ரொட்டியால் வழித்துத் துடைத்திருந்தார்கள். ஓர் உருளைக்கிழங்கு மிச்சமிருந்தது. அதுவும் ஆறியிருந்தது. அவர் அதை நின்றபடியே தின்றார்.

அப்போது எலியோடோரோ நிகழ்ச்சிக் குறிப்போடு வந்தார். பழைய அலுவலகப் பழக்கம் விடுமா? தலைமைச் சமையற்காரர் எலியோடோரோ, துணை ஃபெர்மின் என்று எழுதி, அதற்குக் கீழே, "நாள் முழுதும் ஓய்வெடுத்துப் பிறந்தநாள் கொண்டாடியவர்: சொராய்டா" என்றும் எழுதியிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. நாளைக்கு ஒரு ஆதாரம் வேணும்ல."

சொராய்டா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டி நிதானமாகப் படித்தார்.

"ஒரு திருத்தம் இருக்கு."

"தாராளமா செய்! உன் நாளாச்சே!"

கடைசி வரியிலிருந்த தன் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் "எலியோடோரோ" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் சொராய்டா.