இடது கதவுப் புழுதி

"யாருடா உன்னைக் கழுவச் சொன்னது?"

மச்சினன் ஈரத்துணியோடு விழித்தான். விற்கப்போகிற கார் பளிச்சென்று இருந்தால் மாமாவுக்கு நல்லதுதானே என்று இடது கதவிலிருந்து ஆரம்பித்திருந்தான். நல்லவேளை, அந்த ஒரு கதவோடு வெல்டர் மாமா வந்துவிட்டார்.

இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. பழைய இரும்புக் கடையில் கிடந்ததை, கூரை மாற்ற வைத்திருந்த பணத்தைக் கொட்டி வாங்கிவந்தார். வருஷம் ஏற ஏற விலையும் ஏறும் என்று அவர் சொல்லும்போதெல்லாம், மனைவி கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு குண்டானை ணங்கென்று வைப்பாள். இன்று விற்காவிட்டால் நாளை அவளே சம்மட்டியைத் தூக்குவதாக இருந்தாள்.

வாங்க வருபவர் பழைய கார்கள் சேர்க்கும் பணக்காரர். இரும்புக் கடையில் விசாரித்து இவரைத் தேடிப்பிடித்தது அவருடைய டிரைவர். புழுதியில் மட்டும் கை வைக்கக் கூடாது, ஐயாவுக்குப் புழுதிதான் உயிர் என்று சொல்லிவிட்டு, நோயாளியை விசாரிப்பதுபோல் தினமும் போன் போட்டுப் புழுதியை விசாரித்தார்.

இப்போது கதவு பல்லை இளித்தது. நடுவில் பிறை மாதிரி ஒரு பள்ளம், அதில் பச்சைப் பெயின்ட் கீறல்.

வெல்டர் பட்டறைத் தரையைக் கூட்டி அள்ளி வீசினார். இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு கதவு ஜரிகை போட்டதுபோல் மின்னியது. சேற்றை அப்பினார், வழிந்தது. காற்றடித்துக் காயவைத்தார், பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து பெயின்டையும் கூட்டிக்கொண்டு போனது.

"தள்ளுங்க மாமா. பூசுறது என் தொழில்" என்றான் மச்சினன். அவன் கொத்தனார். சாம்பலையும் சிமென்ட்டையும் சலித்துக் குழைத்துப் பூசி, மேலே புழுதி தூவினான். பார்க்க அத்தனை பழசாக இருந்தது. இறுகியபின்தான் தெரிந்தது, கதவையும் சேர்த்துக் கட்டிவிட்டான் என்று.

வாசலில் ஹாரன்.

பணக்காரர் காரைச் சுற்றிவந்து நேராக அந்தக் கதவைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

"எத்தனை வருஷமாத் திறக்கல?"

"வந்ததுலேர்ந்து யாரையும் தொட விட்டதில்லைங்க" என்றாள் மனைவி, கையில் குண்டானோடு.

பணக்காரர் உருகிவிட்டார். "இதே மாதிரி ஒண்ணு ஊருக்கு வெளியே என் கிடங்குல நிக்குது. ஜோடி சேர்ந்தா, பத்து வருஷத்துல யாராலும் விலை சொல்ல முடியாது." பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, தன் காரில் போய் உட்கார்ந்தார்.

கார் லாரியில் ஏறியதும் டிரைவர் சிமென்ட்டைத் தட்டிப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெல்டரின் கையைப் பிடித்தார்.

"கும்பிடணும்ணே உங்கள. உள்ள இருக்கிற பள்ளம் ஐயா அவரு வீட்டுப் பச்சை கேட்ல இடிச்சது, கண்ணுல பட்டிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பாரு. கிடங்கச் சுத்தம் பண்றப்ப தகரத்தோட தகரமா நான்தான் எடைக்குப் போட்டுட்டேன்... அந்த ஜோடி வண்டி இதுதாண்ணே."