பத்து மைல் சட்டம்

இந்தத் தடவை பெண்டாட்டியைப் புதுச்சேரிக்கு அனுப்புவதில்லை என்று பத்திர எழுத்தர் யாகப்பன் தீர்மானம் செய்தபோது பல் துலக்கிக்கொண்டிருந்தான். மகத்தான தீர்மானங்கள் எல்லாம் வாயில் பல்பொடி இருக்கும்போதுதான் அவனுக்கு வரும். எதிர்த்து யார் எது கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

காரணம், முந்தின நாள் வந்த கடிதம். மச்சினிச்சிக்குக் கல்யாணம். பிப்ரவரி பன்னிரண்டு, திங்கட்கிழமை. அக்கா முன்கூட்டியே வந்துவிட வேண்டும், தபசுகாலம் கழித்து ஈஸ்டர் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. அவன் மனைவி லெயோனி அதை எட்டுத் தடவை படித்தாள். ஒன்பதாம் தடவை, இடுப்பில் இருந்த ஒரு வயசு அமலிக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அமலி கடிதத்தின் ஓரத்தைத் தின்றாள். வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம்.

யாகப்பன் மட்டும் அதில் சேரவில்லை. பிரசவத்துக்கென்று போனவள் ஐந்து மாதம் கழித்து வந்தாள். அந்த ஐந்து மாதமும் அவன் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் இட்லியைத் தின்று, பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டான். ஒரு நாள் வெந்நீர் வைக்கிறேன் பேர்வழி என்று அடுப்பில் ஏற்றி, பாத்திரத்துக்கு அடியே இல்லாமல் செய்தான்.

"எனக்குச் சோறாக்கத் தெரியாது, போகாதே" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் தருமபுரி சப்ரிஜிஸ்டிரார் ஆபீஸ் புளியமரத்தடியில் நாளைக்கு ஆறு பத்திரம் எழுதுகிற ஆண்பிள்ளை அதை எப்படிச் சொல்வான்? சட்டத்தைக் கையில் எடுத்தான்.

சட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். லெயோனி பிரெஞ்சுக்காரி. பார்த்தால் சொல்லவே மாட்டீர்கள். கருப்பாய், களையாய், மீன்குழம்பில் மாங்காய் போடுகிறவளாய் இருப்பாள். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்தவர். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, எந்த நாட்டுப் பிரஜையாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு "பிரான்சு" என்றார். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பெண்ணும் அவரோடு சேர்ந்து ஒரு கையெழுத்தில் பிரான்சு ஆனாள். பிரான்சை அவள் பார்த்தது கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய படத்தில் மட்டும்.

அதனால் அவள் பிறந்த நாட்டிலேயே அந்நியப் பிரஜை. வருஷா வருஷம் ஜனவரியில் போலீஸ் ஆபீசுக்குப் போய்ப் பதிவுப் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்தியப் பிரஜையாகிவிடலாம், மனு ஒன்று போட்டால். மனு எழுதுவதுதான் யாகப்பனுக்குத் தொழிலே. ஊருக்கெல்லாம் எழுதினான், இரண்டு வருஷமாக அதை மட்டும் "நாளைக்கு" எழுதிக்கொண்டிருந்தான். பதிவுப் புத்தகமோ அவனுடைய தகரப் பெட்டியில், பூட்டுக்குள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தான்.

"இந்தா லெயோனி, ஒரு சிக்கல்."

"இன்னா சிக்கலு?"

"நீ பிரெஞ்சுப் பிரஜை."

"அது கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமே உங்களுக்கு?"

"சட்டம் மாறிப் போச்சு. பதிஞ்ச விலாசத்துல இருந்து பத்து மைலுக்கு மேல நகரக் கூடாது. பதினோராவது ஷரத்து."

"பத்து மைலா? அதியமான்கோட்டைக்குப் போலாமா?"

"தாராளமா."

"இண்டூருக்கு?"

யாகப்பன் கண்ணை மூடி அளந்தான். "சந்தைக்குப் போலாம். சந்தையோட மேக்கு ஓரத்துக்குப் போகக் கூடாது. அங்க பத்து மைல் முடியுது."

"மீறிப் போனா?"

இங்கே அவன் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பத்திரம் எழுதிப் பழகின கை. அபராதம் சொல்லாமல் ஷரத்தை முடிக்க வராது.

"கப்பல் ஏத்திருவாங்க. நேரா பிரான்சு."

"சேசுவே! குழந்தை?"

"அவ இங்க பொறந்தவ, இந்தியப் பிரஜை. அவளை எதுக்கு ஏத்தறாங்க? நீ மட்டும்தான்."

லெயோனி வெளுத்துப் போனாள். அந்த ஒரு நிமிஷம்தான் அவள் முகத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பொருத்தமாக இருந்தது.

அதற்கப்புறம் அவள் புதுச்சேரிப் பேச்சை எடுக்கவில்லை. அமலியைத் தொட்டிலில் போடுவதை விட்டுவிட்டுத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். தெருவில் காக்கிச்சட்டை தெரிந்தால், தபால்காரனாக இருந்தாலும் சரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். பக்கத்து வீட்டு மாதம்மாள் யாகப்பனை மடக்கினாள்.

"ஏண்ணா, பிரான்சம்மா ஏன் இப்படி வெறிச்சுப் பாத்துக்கிட்டு கெடக்குது? மணியார்டர் வந்தா வாங்காத மனுசி உண்டா?"

"அதெல்லாம் சர்வதேச விவகாரம். உனக்குப் புரியாது மாதம்மா."

மனசாட்சி அவனை முள்ளாய்க் குத்தத்தான் செய்தது. ஆனால் மூன்று வேளையும் களி சூடாக வந்தது. முள் மழுங்கிப் போயிற்று.

ஜனவரி பதினேழு. புதுப்பிக்கிற நாள். புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்திக்கொண்டு, மனைவியையும் குழந்தையையும் போலீஸ் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். லெயோனி படிக்குப் படி நின்று நின்று ஏறினாள். குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அமலி மூச்சுத் திணறி வீறிட்டது.

மாற்றலாகி வந்த புது ஏட்டு நஞ்சப்பன் நிமிர்ந்தார். "பாரினர் எங்கீங்க?"

"நான்தாங்க" என்றாள் லெயோனி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

ஏட்டு எட்டி அவளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"நீங்களா! ரிஜிஸ்டர்ல ரெண்டே பேருதானுங்க. ஒண்ணு மாதா கோயில் சாமியாரு. இன்னொண்ணு லெயோனின்னு இருந்துச்சு. தொப்பி போட்ட துரைசானி வருவாங்கன்னு நாற்காலியெல்லாம் தொடச்சு வச்சேன். பரவால்ல, உக்காருங்கம்மா. போட்டோ மூணு குடுங்க."

இரண்டுதான் இருந்தது. யாகப்பன் புத்தகத்தை ஏட்டு கையில், ஏட்டு கையில் மட்டும், கொடுத்துவிட்டு ஸ்டுடியோவுக்கு ஓடினான். ஸ்டுடியோக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். டீக்கடையில் பிடித்து இழுத்து வந்து, பழைய பிலிமைத் தேடி, கழுவி, காய வைத்து, வாங்கி வர ஒரு மணி நேரம்.

திரும்பி வந்தால் காட்சியே வேறு. அமலி ஏட்டின் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தது. துடைத்து வைத்த நாற்காலியில் லெயோனி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பதிவுப் புத்தகம். முகத்தில் கிறிஸ்துமஸ் ராத்திரி. ஏட்டு ஏதோ ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பைலில் வைத்தார். போலீஸ் ஆபீசில் ஆயிரம் தாள். யாகப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெருவுக்கு வந்ததும் லெயோனி குதிக்காத குறை. "ஏட்டையா எல்லாத்தையும் வெவரமா சொன்னாருங்க."

யாகப்பன் நடந்தவன் நின்றுவிட்டான். "எ… எல்லாத்தையுமா?"

"நீங்க சொன்னது பாதிதானாம். மீதியைச் சொன்னா நான் பயந்துடுவேன்னு மறைச்சுட்டீங்க. எப்பேர்ப்பட்ட மனசுங்க உங்களுக்கு!"

போன உயிர் திரும்பி வந்தது. வந்ததோடு நிற்காமல் மார்பையும் விரித்தது. "பின்னே? பொம்பளை மனசு, தாங்காதுன்னுதான்."

"அதுக்குன்னு வேலை விசயத்தையும் மறைக்கலாமா?"

"எந்த வேலை?"

லெயோனி புத்தகத்தைப் பிரித்தாள். நடுத்தெருவில், மடத்துச் சகோதரிகள் கற்றுக் கொடுத்த இங்கிலீஷில் ஒரு வரியைத் தடதடவென்று வாசித்தாள். யாகப்பனின் இங்கிலீஷ் 'ட்ரூ காப்பி'யோடு முடிந்துவிடும். பெரிய மனுஷனாய்த் தலையாட்டினான்.

"சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ எந்த வேலையும் செய்யக் கூடாதுன்னு போட்டிருக்குது. சம்பளம் இல்லாம நான் செய்யற வேலை எது? வூட்டு வேலைதான?"

"மீறினா?" இப்போது கேட்டது யாகப்பன்.

"எனக்குக் கப்பல். வேலை வாங்கினவருக்கு ஜெயில்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். எப்படிச் சொல்வது? பதினோராவது ஷரத்தைக் கரைத்துக் குடித்தவனுக்குப் பன்னிரண்டாவது தெரியாதா? 

அன்று சாயங்காலம் அடுப்பு எரியவில்லை. லெயோனி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குது" என்றான் யாகப்பன், பொதுவாக.

"எனக்கும்தாங்க. அடுப்பைப் பத்த வைங்க. எப்படிச் செய்யறதுன்னு நான் சொல்றேன்."

"சொல்றது வேலை இல்லியா?"

"பேசறதுக்குத் தடை இல்லீங்க. அதையும் பாத்துட்டேன்."

தண்ணீர் கொதித்தது. நொய் வெந்தது. ராகி மாவைக் குவித்து, நடுவில் கோலால் குழி பறித்து, வேகவிட்டுக் கிண்டச் சொன்னாள். கிண்டினான். களி கிண்டுவதென்றால் குத்தகைப் பத்திரம் எழுதுவதா? கோல் ஒரு பக்கம் போனது, சட்டி ஒரு பக்கம் வந்தது. கட்டி கட்டியாய் விழுந்த களியை மாதம்மாள் சுவருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, இது திங்கறதுக்கா, ஆடு கட்ட முளை அடிக்கறதுக்கா?"

"போ மாதம்மா அந்தண்ட!"

"இல்லண்ணா, எங்கூட்டுல சுவரு ஒரு பக்கம் இடிஞ்சிருக்குது. மிச்சம் இருந்தா குடு."

மூன்றாம் நாள் கை கொப்பளித்தது. ஐந்தாம் நாள் கட்டி குறைந்தது. ஏழாம் நாள் அவரைக்கொட்டைக் குழம்பு என்று நம்பும்படியாக ஒன்று கொதித்தது. சாமான்களைத் தேடித் தடுமாறாமல் இருக்க, சட்டிக்கும் பத்திரத்தில் எழுதுவது போல நான்கெல்லை வகுத்துக்கொண்டான்: வடக்கே உப்பு, தெற்கே மிளகாய்த்தூள், கிழக்கே புளி, மேற்கே லெயோனி.

எட்டாம் நாள் அமலி கையை நீட்டி இன்னொரு வாய் கேட்டது. யாகப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகைதான் என்று சொன்னான். மறுநாள் புளியமரத்தடியில் கிரயப் பத்திரம் எழுத வந்த சவரிமுத்துவுக்கு எல்லையைக் கேட்பதை விட்டுவிட்டு, "மாவைப் போட்டதும் உடனே கிண்டிடாதய்யா, அதுதான் எல்லாரும் செய்யற தப்பு" என்று அரைமணி நேரம் சொன்னான்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்ததும் யாகப்பன் துண்டை இடுப்பில் வரிந்து கட்டி, ஈரக்கையால் களியை உருட்டிக்கொண்டிருந்தான். உருண்டை ஒவ்வொன்றும் கோயில் மணி மாதிரி. வாசலில் சைக்கிள் நின்றது. காக்கிச்சட்டை. ஏட்டு நஞ்சப்பன்!

யாகப்பன் உருட்டுவதை விட்டுவிட்டு அகப்பையைக் கையில் எடுத்தான். சட்டென்று திரும்பிப் பார்த்தான். நல்லவேளை, லெயோனி நாற்காலியில் இருந்தாள். அகப்பை தன் கையில் இருந்தது. குற்றம் எதுவும் நடக்கவில்லை.

"பாத்துக்குங்க ஏட்டையா! வேலை அத்தனையும் நான்தான். அவ துரும்பைக் கூடத் தொடலீங்க. சும்மாதான் உக்காந்திருக்கா!"

ஏட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் குழம்பு வாசனை விளங்கியது. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். இரண்டு உருண்டை உள்ளே போயிற்று.

"அடேயப்பா! யாருங்க களி கிண்டுனது? எங்காத்தா கையில சாப்பிட்ட மாதிரி இருக்குது."

"அடியேன்தாங்க" என்றான் யாகப்பன். ஆறு பத்திரம் ஒரே நாளில் பதிவானாலும் அவனுக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

ஏட்டு கையைக் கழுவிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து முத்திரை குத்திய தாளை எடுத்தார். "இந்தாங்கம்மா, உங்க லெட்டருக்கு ரசீது. நாளைக்குக் கெளம்பி, ஈஸ்டர் முடிஞ்சு திரும்பறதா எழுதிக் குடுத்தீங்கல்ல? பதிஞ்சாச்சு. சந்தோசமா போய்ட்டு வாங்க."

"எங்க போறது?" என்றான் யாகப்பன்.

"புதுச்சேரிக்குங்க. ரெண்டு வாரத்துக்கு மேல போனா ஒரு வரி எழுதித் தெரிவிக்கணும், அவ்வளவுதான். அம்மா அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டாங்களே."

"அப்ப… அந்த வேலை செய்யக் கூடாதுங்கறது?"

"அது உத்தியோகத்துக்குங்க. வூட்டுல சோறாக்கறதுக்கு எந்த கவர்மெண்டுங்க தடை போடும்?"

யாகப்பன் மெதுவாகத் திரும்பினான். "புஸ்தகத்துல இருக்குதுன்னு படிச்சியே?"

"இருக்குதே" என்றாள் லெயோனி. "நீங்க பத்து மைல் படிச்ச எடத்துக்கு ரெண்டு வரி கீழ."

"எந்தப் பத்து மைல்?" என்றார் ஏட்டு.

யாகப்பன் பாய்ந்து குழம்புச் சட்டியை எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமாங்க?" என்றான் யாகப்பன்.

லெயோனி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தாள். ஏட்டுக்குக் கேட்காமல் சொன்னாள். "கப்பல்னு சொல்லுங்க, ஜெயிலுன்னு சொல்லுங்க. புள்ளை இல்லாமன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க."

அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சட்டியைப் பார்த்தான். "மனு எழுதிடறேன்" என்றான். "நாளைக்கு இல்ல. இன்னிக்கே."

"எழுதி வைங்க. ஊர்ல இருந்து வந்து கையெழுத்துப் போடறேன்."

உள்ளே போனாள். அடுத்த அறையில் டிரங்குப் பெட்டியைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. பெட்டி எப்போது கட்டினாள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

ஏட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டே, ஏதோ பாராட்டுவது போலச் சொன்னார்:

"அன்னிக்கே நான் கேட்டேனுங்க, ரெண்டரை மாசம் போறீங்களே, வூட்டுக்காரரு சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணுவாருன்னு. அதுக்கென்னங்க, பத்து நாள்ல பழக்கி வுட்டுட்டுப் போறேன்னாங்க."