சம்பந்திக்காக அறுத்த சேவல்

நாலு கோழி வாங்கிவிட்டால் போதும், மனிதருக்குப் பேச்சே மாறிவிடும். நாய் வளர்ப்பவர்கள் நாயைப் பற்றி மட்டும் பேசுவார்கள். கோழி வளர்ப்பவர்கள் நாட்டின் உணவுப் பிரச்சினையைப் பற்றிப் பேசுவார்கள். நானும் பேசினேன். கோவில்பத்தில் எங்கள் தெருவில் யார் எதை ஆரம்பித்தாலும், மின்வெட்டோ மூட்டுவலியோ, அதைக் கொண்டுபோய்க் கோழியில் முடிக்கும் திறமை எனக்கு இருந்தது. (இப்போது இல்லை. தெருவில் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.)

அவை நெடுங்காட்டில் ஒருவரிடம் வாங்கிய வனராஜா ரகக் கோழிகள். ஐந்து பெட்டை, ஒரு சேவல். "முட்டையும் வெக்கும், கறிக்கும் ஆகும்ங்க. கொல்லையில வளக்க இதுதான் தோது" என்று அவர் சொன்னார். ஒரே ஜீவன் இரண்டு வேலை செய்யும் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர், இன்னொருவன் என் தம்பி செந்தில். இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு வேலையைத்தான் செய்வார்கள், அதையும் நாலு தடவை சொல்ல வேண்டும்.

முதல் பயனான முட்டை ஒருவழியாக வந்தது. நான் ஆசை ஆசையாக வைக்கோல் போட்டு வைத்த பெட்டியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வந்தது. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வந்தது, பக்கத்து வீட்டு விறகுக்குள் வந்தது, ஒரு நாள் என் வீட்டுக்காரரின் ஹெல்மெட்டுக்குள் வந்தது. அவர் அதை மாட்டிய பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. அன்று ஆபீஸுக்கு லீவு.

இரண்டாவது பயன் கைபடாமல் இருந்தது. சேவலுக்கு என் வீட்டுக்காரர் 'மேனேஜர்' என்று பேர் வைத்திருந்தார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கத்துவது, பிறகு நாள் முழுக்க மாரை நிமிர்த்திக்கொண்டு சுற்றுவது, முட்டை வைக்கும் கஷ்டத்தையெல்லாம் மற்றவர்களிடம் விட்டுவிடுவது என்று அவருடைய ஆபீஸ் அனுபவத்துக்கு அப்படியே பொருந்திவிட்டதாம். பேர் வைத்த பிராணியை யார் அறுப்பது? மேனேஜர் தின்று கொழுத்தார்.

இந்த நேரத்தில்தான் செந்திலுக்கு ஒரு வரன் வந்தது.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவனுக்குச் சம்பந்தம் பேச வேண்டியது நான்தான். அவனுக்கு முப்பத்து மூன்று வயது, தனியார் கம்பெனி வேலை, முன்தலை முடி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் வந்த பெண் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொடுத்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்கள். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆறிப்போன காப்பி டம்ளர்களைக் கழுவிக் கழுவி எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

போலகத்துப் பெண் வினோதினியைச் செந்திலுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போனில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் சம்மதம். அவள் அப்பா மட்டும், "வீட்ட ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தங்கையோடு வருவதாக இருந்தார்.

"அக்கா, இது அமையலன்னா எனக்கு வேற பாக்காத" என்றான் செந்தில். வழக்கமாக எதையும் இப்படி முகத்தைப் பார்த்துச் சொல்லுகிறவன் இல்லை அவன்.

"அவங்க அப்பாவுக்கு என்னடா புடிக்கும்?"

"ஞாயித்துக்கெழம கறி இல்லாம சோத்துல கைய வெக்க மாட்டாராம்."

அவ்வளவுதான். என் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. (அது வேலை செய்யாமல் இருந்த நாட்களில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.) வளர்த்த சேவலையே அவருக்காக அறுத்துக் குழம்பு வைத்துவிட்டால், அதை மறுத்துவிட்டுப் போக எந்த மனிதருக்கு மனசு வரும்?

"நல்ல காரியம் பேச வர்றவங்களுக்குக் கறி ஆக்குவாங்களா, கலா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பேச வரலங்க, வீடு பாக்க வர்றாங்க. அதுக்குச் சைவமா இருக்கணும்னு எங்கயும் இல்ல" என்று சட்டம் பேசினேன். செந்தில் உடனே போனில் வினோதினியிடம் சொல்லிவிட்டான். அவள் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். போலகம் முழுக்க மேனேஜரின் மரணச் செய்தி போய்ச் சேர்ந்தது. மேனேஜருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஞாயிறு அறுக்க வேண்டிய சேவலைச் சனிக்கிழமை பொழுது சாயும்போதே பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டு மூட வேண்டும். இது கோழி வளர்க்காதவர்களுக்கும் தெரியும். ஆனால் நான் வீடியோ பார்த்துக் கோழி வளர்த்தவள். கடைசி நேரத்தில் மன உளைச்சல் வந்தால் கறி ருசி கெட்டுவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் மேனேஜரின் மனம் நோகாமல் கொல்லையில் உலவ விட்டேன்.

காலையில் அவரைப் பிடிக்கப் போனோம். கத்திக்கு அனுப்புவதற்கு முன் ஒரு பிடி அரிசி தூவினேன். பெட்டைகள் ஐந்தும் ஓடிவந்து தின்றன. மேனேஜர் தள்ளி நின்று பார்த்தார். செந்தில் பாய்ந்தான். சேவல் வாழைக்கு அந்தப்பக்கம் போனது, செந்தில் வாழையோடு போனான். என் வீட்டுக்காரர் பெட்ஷீட்டை விரித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்து, கடைசியில் அதை என் தலையில் போட்டார். நான் உள்ளேயிருந்து திட்டியது தெருக்கோடி வரை கேட்டதாம். அந்தச் சந்தடியில் மேனேஜர் துவைக்கிற கல்லில் ஏறி, அங்கிருந்து மதில் சுவரில் ஏறி, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப்பக்கம் குதித்துவிட்டார். பக்கத்து வீட்டில் தேடினோம், அடுத்த மனையில் கருவேலங்காட்டுக்குள் தேடினோம். செந்திலின் கையெல்லாம் முள் கீறியதுதான் மிச்சம்.

"ஒண்ணும் ஆயிடலக்கா. சேவல் ஓடிப்போச்சுன்னு சொல்லிருவோம்" என்றான் அவன்.

அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் விடவில்லை. சேவலைக்கூடப் பிடித்துவைக்கத் தெரியாத வீட்டில் யார் பெண்ணைக் கொடுப்பார்கள் என்று கத்தினேன். வீட்டுக்காரரை பாய் கறிக்கடைக்குத் துரத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு நாட்டுக்கோழி தீர்ந்துபோயிருந்தது. பிராய்லர்தான் கிடைத்தது. சின்னச் சின்னதாக வெட்டி, மிளகும் சீரகமும் கசகசாவும் அரைத்து ஊற்றி, வெள்ளைவெளேர் என்றிருந்த கறியை வளர்ப்புச் சேவலின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். அன்று நான் சமைக்கவில்லை, வேஷம் கட்டினேன்.

அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா ரொம்பப் பேசவில்லை. குழாயைத் திறந்து பார்த்தார், மாடிப்படியைத் தட்டிப் பார்த்தார், செந்திலை ஏற இறங்கப் பார்த்தார். கையில் இருந்த கீறல்களைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். நான் வைத்த காப்பி அவருக்கு முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. செந்தில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்க, அப்ப நாங்க கெளம்புறோம். கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்று எழுந்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "ஐயா, உங்களுக்குன்னு வளத்த சேவலையே அறுத்துட்டோம். ஒரு வாய் சாப்புடாம போனீங்கன்னா அத என்ன செய்றதுங்க?"

"பாப்பா சொன்னுச்சு. எதுக்குங்க இதெல்லாம்?"

"மேனேஜர்னு பேர் வெச்சு, புள்ள மாதிரி வளத்தோம்" என்றேன். குரல் கம்மியது. (சத்தியமாகச் சொல்லுகிறேன், அது நடிப்பில்லை. என் பேச்சில் நானே உருகிவிட்டேன்.)

அவர் தங்கை, "அண்ணே, வளத்த உசுர அறுத்துட்டு நிக்கிறாங்க. போறது நல்லா இருக்காது" என்றார். மனிதர் நெடுநேரம் வாசலைப் பார்த்தார். பிறகு, "கை கழுவ எங்கங்க?" என்று கேட்டார்.

செந்திலுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்தைக் காலையிலேயே ஓடியிருந்தால் சேவல் கிடைத்திருக்கும்.

இலை போட்டேன். சோறு, குழம்பு. அவர் பிசைந்தார். முதல் வாய் உள்ளே போனது. நான் வேண்டாத தெய்வம் இல்லை.

"நல்லா பூவா வெந்திருக்கே. வளத்த சேவல் கொஞ்சம் முறுக்காத்தான இருக்கும்?" என்றார்.

ஆமாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கரண்டி ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் கோழியைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டார்களே, நான் எப்படிச் சும்மா இருப்பேன்? "தீனிதாங்க காரணம். அகத்திக்கீர, தவிடு, நொய்யி. ஒரு நாள் கூண்டுல போட்டதில்ல. கடசி வரைக்கும் ஒரு கவல இல்லாம இருந்துச்சு. சாகும்போதுகூட ஒரு சத்தம் போடலங்க."

கொல்லையிலிருந்து ஒரு சேவல் கூவியது.

"பக்கத்து வீட்டுது" என்றேன்.

மறுபடியும் கூவியது, இந்தத் தடவை அடுப்படியிலிருந்து. அடுத்த நிமிஷம் மேனேஜர் மாரை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்குள் நடந்து வந்தார். ஒவ்வொருவரையும் பார்த்தார். நேராகப் பெண்ணின் அப்பா முன்னால் போய், இலை ஓரத்தில் சிந்தியிருந்த சோற்றைக் கொத்த ஆரம்பித்தார்.

அப்போதும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். என் வாய் என்னை எப்போதும் கைவிட்டதில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர், தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாயால், "மேனேஜர், வெளிய போ" என்றார்.

சேவல் கொத்துவது மட்டும் கேட்டது.

"இவரு எந்த மேனேஜருங்க?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"அதே மேனேஜர்தாங்க" என்றார் என் வீட்டுக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனிதரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

"அப்ப நான் தின்னுக்கிட்டிருக்கிறது யாரு?"

"பிராய்லருங்க. பாய் கடையில வாங்குனது. காலையில உரிச்சதுதான்."

எனக்குக் காது இரண்டும் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போக முடியவில்லை, சிமெண்டுத் தரை. செந்திலைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. என் ஜம்பத்துக்காக அவன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்துவிட்டது.

அவர் சோறு ஒட்டிய தன் கையைப் பார்த்தார். பிறகு செந்திலைப் பார்த்து, "தம்பி, உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்ங்க. காலையிலேருந்து தொரத்துனேன், புடிக்க முடியல. ஓடிப்போச்சுன்னு நானே உங்கள்ட்ட சொல்லியிருக்கணும். அக்கா எனக்காகத்தான் செஞ்சுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க" என்று கீறல் விழுந்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவர் தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். "அண்ணே, என்ன சொன்னாலும் கை நனைச்சாச்சு."

"அதான் பாக்குறேன்" என்றார் அவர். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய். "கொழம்பு ஊத்துங்க" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊற்றினேன். சாப்பிட்டு முடித்த பிறகு, இலை ஓரத்தில் இன்னும் கொத்திக்கொண்டிருந்த மேனேஜரை இடது கையால் அள்ளி அக்குளில் இடுக்கிக்கொண்டார். காலையில் மூன்று பேரை நாயாய் அலைய விட்ட சேவல், பூனைக்குட்டி மாதிரி அடங்கி இருந்தது.

"எனக்குன்னு அறுத்த சேவல்னுதான சொன்னீங்க?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்ப இது என்னோடது. நிச்சயத்துக்கு நாள் பாத்துச் சொல்றேன்."

சேவலோடு போய் வண்டியில் ஏறினார். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கோழி வித்தவரு சொன்ன மாதிரியே ரெண்டுக்கும் ஆயிடுச்சு கலா. செந்திலுக்குக் கல்யாணத்த முடிச்சுது, ஒன் வாயையும் மூட வெச்சுது" என்றார் என் வீட்டுக்காரர். அன்று ராத்திரி அவருக்குச் சோறு போட எனக்கு மனசு வரவில்லை. மிச்சக் குழம்பை அவரே ஊற்றிச் சாப்பிட்டார்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. செந்திலுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மேனேஜர் போலகத்தில் நல்ல ஆயுசோடு இருந்து, பெரிய குடும்பஸ்தராகத்தான் கண்ணை மூடினார். அதுவரை நான் அங்கே போகும்போதெல்லாம் என் புது மாமா, அதாவது செந்திலின் மாமனார், வந்திருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு, "நம்ம கலா எனக்கு ஆக்கிப்போட்ட சேவலு. அந்தா மேயுது பாருங்க" என்று காட்டுவார்.

எங்கள் வீட்டுக்கு அவர் சாப்பிட வந்தால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. இலை போட்டதும் உட்கார மாட்டார். கொல்லைப்பக்கம் போய்க் கோழிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாரும் சொகமா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். வினோதினி சிரிப்பாள். என் வீட்டுக்காரர் வெட்கமில்லாமல் கூடச் சிரிப்பார்.

போன பொங்கலுக்கு அவருக்கு அந்த வேலையே வைக்கக்கூடாது என்று சைவமாகவே சமைத்தேன். கத்தரிக்காய் சாம்பார். நம்ம கொல்லையில காச்சது மாமா, காலையிலதான் பறிச்சேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மனிதர் எழுந்து கொல்லைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"கலா, காயெல்லாம் செடியிலயே இருக்கேம்மா."