சம்பந்தியின் கன்னமும் கவாத்து வெட்டிய காடும்

சேசு மரி சூசை துணை

ஆனைக்கரை ஏலத்தோட்டம், மதிப்பிற்குரிய சம்பந்தி ஏசுரத்தினம் அவர்களுக்கு மூணாற்றிலிருந்து மத்தியாஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் கத்தரீனாளும் மகள் பின்சியும் உடம்பளவில் சுகம். அங்கே தாங்களும் மாப்பிள்ளை ஜின்சனும் சுகமாயிருக்கவும், ஏலத்துக்கு வேண்டிய மழை பெய்யவும் ஜெபிக்கிறோம். போனைத் தாங்கள் எடுக்காததால் கடிதம். தொந்தரவாக இருந்தால் மன்னிக்கவும்.

நிச்சயதார்த்தத்தன்று பங்கு ஹாலில் காட்டிய வீடியோவில் தங்கள் முகம் ஒரு பக்கம் வீங்கி, வாய் கோணி இருந்ததற்கு முழுப் பொறுப்பும் நானே. போட்டோவிலுள்ள ரெண்டு குடும்பத்து முகங்களும் வீடியோவில் தேயிலைச் சரிவின் மேல் படிந்து கிடக்கிற மாதிரி இருக்கட்டும் என்று பின்சி ஆசைப்பட்டாள். ரிட்டயர் ஆகி சும்மா இருக்கிறவன், நானே கற்றுச் செய்கிறேன் என்றேன். முதல் தடவை செய்ததைப் பார்த்து ஸ்டூடியோ ஷைஜு, "சாரே, இது ஸ்டிக்கர் ஒட்டின மாதிரியல்லே இருக்கு. டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் வேணும்" என்றார். மேப் என்றால் வழி காட்டுவது அல்ல. சரிவை அப்படியே கறுப்பு வெள்ளையாக்கிய படம். அதில் வெளுத்த இடம், மேலே வைத்த முகத்தை ஒரு பக்கம் தள்ளும். கறுத்த இடம் எதிர்ப்பக்கம் இழுக்கும். நடுச் சாம்பல் சும்மா இருக்கும். அதனால் முகம் செடி மேல் ஏறி, நடைபாதையில் இறங்கி, செடிமேல் காயப்போட்ட வேட்டி போலப் படியும். மேப்பைக் கொஞ்சம் மங்கலாக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இலையும் மூக்கைத் தனித்தனியாக இழுக்கும். மங்கலாக்கினேன். அதில் குறை வைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

தப்பு எங்கே என்று யோசித்து யோசித்து ஒன்று புலப்பட்டது. சரிவை வீடியோ எடுத்தது தேயிலைக் காடு பச்சையாகத் தழைத்திருந்தபோது. மேப்புக்கு நான் எடுத்துக்கொண்ட போட்டோவோ, அதே காடு கவாத்து வெட்டி மொட்டையாக நின்றபோது எடுத்தது. ஒரே காடுதானே என்று இருந்துவிட்டேன். முப்பது வருஷம் எஸ்டேட் ஆபீசில் இருந்தவன் செய்கிற காரியமா இது? மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், பள்ளத்தில் மேடு, நடுவிலே பாவம் உங்க கன்னம் மாட்டிக்கிட்டுது. சத்தியமாகச் சொல்கிறேன், தங்கள் கன்னம் அப்படி இல்லை. பக்கத்திலேயே என் முகமும் இருந்தது; அது மட்டும் ஏன் கோணவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. அதற்கும் மன்னிக்கவும்.

முன்னாலேயே பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். புரை எடுத்த கண், லேப்டாப்பில் தங்கள் முகம் சுண்டைக்காய் அளவு. ஹாலில் திரை முழுக்க வந்தபோதுதான் கத்தரீனாள் என் தொடையைக் கிள்ளி, "ஏங்க, சம்பந்தி மூஞ்சி ஏன் இப்படி ஒரு பக்கமா போவுது?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அந்த ஜீப் டிரைவர் பாண்டித்துரை பின்னாலிருந்து, "ஏலக்கா மூட்டைய வாயிலயே வச்சுக் கொண்டாந்துட்டாரு போல" என்று சத்தம் போட, சனம் சிரிக்க, நீங்க எந்திரிச்சு, உங்க ஆளுக எல்லாரும் எந்திரிச்சு, பிரியாணி அண்டாவைத் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். தாங்கள் பங்குச் சாமியாரிடம் சம்மதம் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து பின்சி சாப்பிடவில்லை. என் கைத்தப்புக்கு அந்தப் பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் அன்பு. மாப்பிள்ளைக்கு ஆசீர். ஆண்டவர் தங்களுக்குப் பொறுமையைத் தருவாராக.

தாழ்மையுள்ள,
மத்தியாஸ்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். பின்சி இப்போதுதான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். மேப்பை எல்லாம் போட்டேனே தவிர, அதன் ஸ்விட்சை நான் போடவே இல்லையாம். ஆகவே ஹாலில் வந்தது தங்கள் போட்டோவில் இருந்த முகமேதான். தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று, வாயில் நேந்திரம்பழப் பழம்பொரியோடு இருக்கையில் நான் எடுத்தது. தங்கள் படம் என்னிடம் அது ஒன்றுதான். "சட்டியிலிருந்து எடுத்த சூட்டோட நான்தான் குடுத்தேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, அப்பவும் துப்பாம முழுங்கி 'நல்லாருக்கு'ன்னாரே மனுசன். அந்த ஊட்டுக்குப் பிள்ளையக் குடுக்கலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்று கத்தரீனாள் சொல்லச் சொல்கிறாள். மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்றேன். அடித்தல் திருத்தலோடு அனுப்பினால் சம்பந்திக்கு மரியாதை இல்லையாம். அதனால் அப்படியே விட்டிருக்கிறேன், தயவுசெய்து படிக்க வேண்டாம்.

ஸ்விட்சைப் போட்டும் பார்த்துவிட்டோம். கன்னம் அழகாக உள்ளே போய்விடுகிறது. மூக்குதான் காதுப் பக்கம் போகிறது. கல்யாணத்தன்று எதைக் காட்டலாம் என்று தாங்களே சொல்லிவிட்டால் நல்லது.