வேம்பு குடித்த ஐந்து டம்ளர்

முதலியார்பேட்டை வேம்பு மீசையை முறுக்கினால் வீட்டில் எதற்கோ கேடு. மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டி ஓய்ந்த மனுஷன்.

"காணும் பொங்கல் குண்டெறியிற போட்டியில உன் தம்பி மண்ணாங்கட்டி மண்ணைக் கவ்வுறான், பாரு!"

"போன வருஷம் நீங்க எறிஞ்ச குண்டு உங்க கால்லதானே விழுந்துச்சு?" என்றாள் மனைவி அஞ்சலாட்சி.

"அப்ப காபி குடிக்கலடி! பேப்பர்ல போட்டிருக்கான். காபியில காஃபின்னு ஒண்ணு இருக்குதாம். குடிச்ச ஒரு மணி நேரத்துல உசுப்பி வுடுமாம். தாவ, தூக்க, எறிய... குபீர்னு பலம் வருமாம்!"

"தோத்தா?"

"ஒரு மாசம் நீ சொல்ற வேலையெல்லாம் இடுப்பு வலின்னு சொல்லாம செய்யிறேன். ஜெயிச்சா தினம் சாயங்காலம் இரும்புப் பந்து உருட்டுற பெத்தாங் ஆடப் போவேன். நீ வாயே தொறக்கக் கூடாது!"

வயசு தெரிந்துவிடும் என்று வேம்பு தெருவில் கண்ணாடி போடமாட்டார். சுவர் நோட்டீஸை அவள்தான் படித்துச் சொன்னாள்: "ஒம்போது மணிக்குக் குண்டு."

போட்டியன்று காலை எட்டு மணிக்கு ஐந்து டம்ளர் காபி உள்ளே போயிற்று. கரண்டியை நட்டால் கொடிமரமாய் நிற்கும், அப்படியொரு டிகாஷன்! ஒன்பதுக்கு மீசை தானாக ஆடியது.

"இன்னும் ஆரம்பிக்கலையாம். துடிக்கிற கையை ஏன் சும்மா வெச்சிருக்கீங்க? இந்த ஆட்டுக்கல்லை நவுத்துங்களேன். தன்னால முடியலன்னுட்டான் என் தம்பி."

மூன்று வருஷமாக அசையாத கல், மூன்று நிமிஷத்தில் கொல்லைக்கோடி போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே பீரோ. அப்புறம் கட்டில். அப்புறம் எட்டுக் குடம் தண்ணீர்.

பதினொன்றுக்கு மைக்கில் பேர் கூப்பிட்டார்கள். வேம்பு குண்டைத் தூக்கிச் சுழன்றார். குண்டு காலடியிலேயே கிடந்தது. வேம்புதான் நாலடி தள்ளிப் போய் விழுந்தார்.

"மாமா, குண்டைத்தான் எறியணும்!" என்றான் மண்ணாங்கட்டி, பின்னால் பரிசுக் கோப்பையோடு வந்து.

நொண்டிக்கொண்டே வீடு திரும்பும் வழியில் வேம்பு, யாரும் பார்க்காதபோது கண்ணாடியை மாட்டி நோட்டீஸைப் படித்தார். குண்டு எறிதல், காலை பதினொரு மணி.

"அடிப்பாவி! ஒம்போதுன்னியே?"

"ஒரு மணி நேரத்துல பலம் வரும்னு நீங்கதானே சொன்னீங்க? போட்டிக்குன்னு நீங்க நெனச்சீங்க, கொல்லைக்குன்னு நான் நெனச்சேன்."

வேம்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கொல்லையை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னா இருந்தாலும் ஆட்டுக்கல்லு பழைய எடத்துலதாங்க நல்லா இருந்துச்சு. காபி போடட்டுமா?"