விபூதிப் பொட்டலத்தில் ஒரு பிழைதிருத்தம்

விபூதிப் பொட்டலத்தைப் பிரித்த ஜெகநாதனின் விரல் நெற்றிக்குப் போகாமல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"சுசி, இங்க வாம்மா. இது நேத்து நீ போட்ட படம் தானே?"

சுசித்ரா கம்ப்யூட்டரை விட்டு எழாமலே எட்டிப் பார்த்தாள். பார்த்த பிறகு எழுந்தாள்.

பொட்டலக் காகிதத்தில் ஒரு நீள்சதுரம், ஆறு குழி, மூன்று பந்து. முந்தின நாள் அவள் வரைந்து, சோதனைக்கு ஒரே ஒரு பிரதி எடுத்து, கசக்கிப் போட்ட நாலாவது தாள். அதில் சிவப்புப் பந்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, சற்றுக் கீழே புதிதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு வரி:

'அரை அங்குலம் கீழே. நீ வச்ச மாதிரி வச்சா பந்து ஜென்மத்துக்கும் குழிக்குள்ள போவாது.'

"நம்ம வேஸ்ட் பேப்பர்தான் சார். சாக்குல கட்டிக் குடுக்கறோமே, அதுல போயிருக்கும். எங்க போயி பொட்டலமா ஆனா என்ன?" என்றாள் சுசித்ரா. "ஆனா எழுதினது யாரு?"

ஜெகநாதன் மேசையிலிருந்த பழைய தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

அந்தப் பழைய தாள்களால்தான் ஒரு வாரமாக அந்தத் திருத்தணி அச்சுக்கடையில் சண்டை. அரக்கோணத்தில் பிள்ளைகளுக்கு பில்லியர்ட்ஸ் சொல்லித்தரும் குமரேசன் கொண்டுவந்தது. பன்னிரண்டு பயிற்சித் தாள்கள். எந்தப் பந்தை எங்கே வைத்து எந்தக் கோணத்தில் அடித்தால் எங்கே போய் விழும் என்று கையால் வரைந்து, கையாலேயே எழுதி அச்சடித்தவை. 'வீரபத்திரன், மார்க்கர், மணவூர். 1979' என்று அடியில் இருந்தது. மார்க்கர் என்றால் கிளப்பில் துரைமார் ஆடும்போது புள்ளி எண்ணிச் சொல்கிற ஆள். கூடவே கோலைப் பிடித்தபடி குனிந்து நிற்கும் அவருடைய படம். நாற்பது வருஷமாக மறுபதிப்பு இல்லை. இருந்த பிரதியிலும் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. குமரேசனுக்கு ஐந்நூறு செட் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

"அனுமதி இல்லாம போட முடியாது சார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் சுசித்ரா. "எழுதினவரு உசுரோட இருந்தா அவரு கையெழுத்து போடணும். செத்திருந்தா வாரிசு போடணும். செத்து அறுபது வருஷம் ஆனாத்தான் ஊருக்குப் பொது."

"ஒரு மார்க்கரு வந்து கேஸ் போடப்போறானா?"

அந்த வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்றது. அம்மையார்குப்பத்தில் அவள் நைனா மூன்று மாதம் தறியில் உட்கார்ந்து யோசித்த சேலைக் கரையை, ஒரு விசைத்தறிக்காரன் ஒரே வாரத்தில் ஓட்டிச் சந்தை முழுக்க இறக்கினான். பிறகு நைனா கொண்டுபோன சேலையைக் கடைக்காரன் 'இது காப்பி' என்று திருப்பி அனுப்பினான். அன்றைக்கு வீட்டில் யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் சுசித்ரா. பேசாமல் இருப்பதற்காக அவள் படிக்கவில்லை.

"அப்படின்னா ஒண்ணு பண்ணு" என்றார் ஜெகநாதன். "வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வந்தா சரி. வரலன்னா மிஷினை நானே ஓட்டிக்கறேன். உனக்குப் புடிக்கலன்னா சனிக்கிழமையிலேருந்து வராத."

அவள் சம்பளத்தில்தான் தங்கை நர்சிங் படிக்கிறாள். அது அவருக்கும் தெரியும்.

இப்போது ஜெகநாதன் பழைய தாளைத் தொட்டார். "இங்க பாரு, 'குழி'. அங்க பாரு, 'குழி'."

இரண்டிலும் ழகரத்தின் வால் தூண்டில் முள்ளைப்போல் மேல்நோக்கி வளைந்திருந்தது. ஒரே கை.

"அப்ப மனுஷன் இங்கதான் எங்கியோ இருக்காரு!" சுசித்ராவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நான் மணவூர் போயிட்டு வரேன் சார்."

வாசலில் மணியம்மை சாக்கோடு நின்றிருந்தாள். தினமும் கழிவுத் தாள் எடுத்துப்போக வருகிறவள். அறுபது தாண்டிய ஒல்லி உடம்பு.

"பாப்பா, அந்தப் பந்துப் படம்..."

"அது வேஸ்ட் இல்லம்மா, தொடாதீங்க. நீங்க எடுத்துட்டுப் போற பேப்பரெல்லாம் எங்க போவுது?"

"மலைக்குத்தான்."

"அங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

மணியம்மை அவளை ஒரு கணம் நிதானமாகப் பார்த்தாள். "இருக்காங்க பாப்பா" என்றாள். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மணவூர் ஸ்டேஷன் வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், பெயரைக் கேட்டதும் கையை நிறுத்தினார்.

"மார்க்கரு வீரபத்திரனா? அவரு செத்து பதினாலு வருஷம் ஆவுதேம்மா."

"நல்லாத் தெரியுமா?"

"பாடைக்கு முன்னாடி தோளு குடுத்தவன் நானு. இன்னும் எப்படித் தெரியணும்?"

"பசங்க?"

"இல்ல. பொண்டாட்டி மட்டும்தான். அதுவும் காரியம் முடிஞ்ச கையோட பொட்டியத் தூக்கிகினு ரயில் ஏறிச்சு. எங்க போச்சுன்னு யாரு கண்டா? ஏம்மா, அவர எதுக்குத் தேடற?"

"நேத்து ஒரு பேப்பர்ல எழுதியிருந்தாரு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அவர் டீக்குக் காசு வாங்கவில்லை. சீக்கிரம் வீடு போய்ச் சேரும்படி மட்டும் சொன்னார்.

திரும்பி வந்தபோது திருத்தணியில் மழைமேகம் இறங்கி மலையையே காணோம். படிகள் எங்கேயோ வெறும் வெள்ளைக்குள் ஏறிப்போயின. மேலேயிருந்து மணிச்சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கடையில் ஜெகநாதன் நெற்றி, தோள், முழங்கை எல்லாம் விபூதியோடு உட்கார்ந்திருந்தார்.

"குமரேசனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அரை அங்குலம் கீழ வச்சு அடிச்சுப் பார்த்தாராம். நேரா குழிக்குள்ள போயி விழுந்திச்சாம்." குரலைத் தாழ்த்தினார். "ஆளு கிடைச்சாரா?"

"செத்துட்டாரு சார். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி."

ஜெகநாதன் மிச்ச விபூதியை வாயில் போட்டுக்கொண்டார்.

சுசித்ரா பயப்படவில்லை. குறைந்தபட்சம் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மனைவி எங்காவது இருப்பாள், தேடினால் கிடைப்பாள். 'இந்தப் படத்தில் உள்ளவரின் குடும்பத்தார் உடனே தொடர்புகொள்ளவும்' என்று ஒரு நோட்டீஸ் எழுதிக்கொடுத்துவிட்டு சாப்பிடப் போனாள். அதுதான் தப்பு.

அந்தக் கடையில் ஆள் படம் வைத்த சுவரொட்டி என்றால் ஒரே ஒரு மாதிரிதான் உண்டு. ஜெகநாதன் அதைத் திறந்து, பழைய ஆளை எடுத்துவிட்டு வீரபத்திரனை வைத்து, அவள் எழுதித்தந்ததைக் கீழே சேர்த்து, முந்நூறு பிரதி அடித்து ஊரெங்கும் ஒட்டவும் ஆள் அனுப்பிவிட்டார். மேலே இருந்த 'கண்ணீர் அஞ்சலி'யை எடுக்க மறந்துவிட்டார். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்குகளையும்தான்.

மறுநாள் காலை கடை வாசலில் நான்கு மாலைகள் கிடந்தன. சாவு மேளக்காரர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

"பாடி எப்ப சார் வருது?"

"யோவ், அவரு செத்து பதினாலு வருஷம் ஆச்சுய்யா!" என்றார் ஜெகநாதன்.

மேளக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ நாளா இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

மதியத்துக்குள் தூரத்துச் சொந்தம் என்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவருக்கும் அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரியவில்லை. ஒருவர் 'அச்சகத்தில் எனக்கு எத்தனை பங்கு' என்று கேட்டார். ஒட்டாத சுவரொட்டிகளை எல்லாம் சுசித்ரா ஆத்திரத்தோடு சாக்கில் திணித்தாள். கூடவே கரையான் தின்ற இடத்தை ஊகித்து வரைந்த ஏழாவது தாளும் அதில் போயிற்று. மணியம்மை வந்தாள், வாசலில் கிடந்த மாலைகளைப் பார்த்தாள், சுவரொட்டியை வெகுநேரம் பார்த்தாள். சாக்கை எடுத்துப்போனாள்.

அடுத்த நாள் பொட்டலம் பிரிந்தபோது ஒரு பக்கத்தில் வீரபத்திரன் கோலைப் பிடித்துக் குனிந்து ஜெகநாதனையே குறிபார்த்துக்கொண்டிருந்தார். மறுபக்கம், வெற்றிடத்தில், ஏழாவது தாள் முழுவதும் பென்சிலால் புதிதாக வரையப்பட்டிருந்தது. கரையான் தின்ற கோடுகளோடு சேர்த்து. உலகத்தில் வேறெங்கும் இல்லாத கோடுகள்.

கீழே ஒரு வரி: 'தெரியலன்னா கேக்கணும். ஊகிக்கக் கூடாது. படிச்ச பொண்ணுதானே?'

"பாத்தியா? உன்னத்தான் திட்டறாரு" என்றார் ஜெகநாதன். பயத்திலும் அதில் அவருக்கு ஒரு திருப்தி. "சுசி, இதுவே அனுமதிதான். திருத்திக் குடுக்கறாருன்னா போடுன்னுதானே அர்த்தம்?"

"ஆவி கையெழுத்து செல்லாது சார்."

"சட்டத்துல அப்படி இருக்கா?"

"செத்தவரு புதுசா வரைஞ்சா அறுபது வருஷத்த எந்த வருஷத்துலேருந்து எண்ணுவீங்க? சட்டம் போட்டவனுக்கே தெரியாது!"

கத்திவிட்டாளே தவிர, அவள் முதுகிலும் ஏதோ ஊர்ந்தது. மின்சாரம் வேறு போயிற்று. வெளியே பட்டப்பகலில் தெருவே சாம்பலாகக் கிடந்தது. கோபம் வந்தால்தான் அவளுக்குப் பயம் போகும். ஒரு தாளை எடுத்து, 'ரொம்பப் பேசறீங்களே, உங்க வாரிசு யாரு?' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கசக்கிச் சாக்கில் எறிந்தாள்.

புதன்கிழமைப் பொட்டலத்தில் அதே தாள் வந்தது. 'வாரிசு இல்ல.'

ஜெகநாதன் கடைக்குள் செருப்பில்லாமல் நடக்கத் தொடங்கினார்.

'அப்ப அனுமதி யாருதான் தருவாங்க?' என்று எழுதி எறிந்தாள்.

வியாழக்கிழமை பதில் வந்தது. 'நேர்ல வந்து மரியாதையா கேட்டா கிடைக்கும்.'

"நேர்லயா?" ஜெகநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். "அவரு இருக்கற எடத்துக்கா? அம்மா தாயே, எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. அந்த ஆர்டரே வேணாம். நீயும் வேணாம். எல்லாரும் போங்க!"

"நாளைக்குத்தானே வெள்ளிக்கிழமை? அது வரைக்கும் எனக்கு வேலை இருக்கு" என்று குடையை எடுத்தாள் சுசித்ரா. "பொட்டலம் எந்தக் கடையில வாங்கறீங்க?"

மலையடிவாரத்தில், முதல் படிக்கே பக்கத்தில், ரஞ்சிதத்தின் பூசைச் சாமான் கடை. மேகம் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"அச்சாபீஸ்காரருக்கா? அவருக்குன்னு தினமும் தனியா ஒரு பொட்டலம் மடிச்சுக் குடுத்துட்டுப் போவுதே மணியம்மை. உங்ககிட்டதானேம்மா பேப்பர் எடுத்துகினு வருது?"

"எங்க மணியம்மையா?"

"ஆங். மணவூரு. அது வீட்டுக்காரர் பேருகூட வீரபத்திரனோ இன்னாவோ. நம்ம ஊரு செவுத்துல ஒட்டியிருந்தாங்களே, பாவம். போஸ்டரப் பாத்துட்டு அந்தம்மா ஒரு நாள் பூரா சோறே துன்னல."

சுசித்ரா மழையில் ஓடினாள். குடையை விரிக்க மறந்தே போனாள்.

கடையில் மணியம்மை சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். ஜெகநாதன் மிஷினுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார். அதற்குள் கேட்டுவிட்டிருந்தார் போலிருக்கிறது.

"இவங்க பொண்டாட்டியாம், சுசி! ஏம்மா, அவரு தினமும் வீட்டுக்கு வந்து எழுதறாரா?"

"செத்தவரு எப்படிங்க எழுதுவாரு?" என்றாள் மணியம்மை.

சுசித்ராவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் பழைய செட்டு ஒன்று பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்த்து யாரையோ வைத்து எழுதி வாங்கியிருக்கிறாள். ஆவியுமில்லை, பூதமுமில்லை.

"என்னம்மா நீங்க, நேராச் சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். 'தொடாதீங்க'ன்ன."

சுசித்ராவின் முகம் சிவந்தது. ஆனாலும் மனசு பொங்கிவிட்டது. நைனாவுக்குச் செய்ய முடியாததை இந்த அம்மாவுக்காவது செய்துவிடலாம். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவளை உட்காரவைத்து, மரியாதையாக, நேரில் கேட்டாள். தயாராக வைத்திருந்த ஒப்புதல் படிவத்தை மளமளவென்று நிரப்பினாள். 'ஆசிரியர்: வீரபத்திரன் (காலமானார்). வாரிசு: மனைவி மணியம்மை.'

"இது உங்க சொத்தும்மா" என்றாள். "ஒவ்வொரு செட்டுக்கும் உங்களுக்குப் பங்கு வரும். அவரு செத்து பதினாலு வருஷம் போச்சு. இன்னும் நாப்பத்தாறு வருஷம் யாரும் உங்களக் கேக்காம இத அடிக்க முடியாது."

சொல்லிவிட்டு, மைப்பெட்டியைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினாள். "இடது கட்டைவிரலை இப்படி வைங்க."

மணியம்மை மைப்பெட்டியைப் பார்த்தாள். அதை மூடி, மெதுவாகத் திருப்பித் தள்ளினாள். கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, படிவத்தில் 'வாரிசு' என்று இருந்ததை ஒரே கோட்டில் அடித்தாள்.

"கைநாட்டு அவருதான் பாப்பா, உன்னோட அறுபது வருஷம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."