முப்பத்திரண்டு வரமாட்டேங்குதுங்க

இந்தப் பூமியில் ‘சரி’ என்ற சொல்லை ஒரு தடவைகூட முழுமனதோடு சொல்லாத மனிதன் ஒருவன் உண்டு. பொதட்டூர்பேட்டைக்காரன், தறிக்கார வீட்டுப் பிள்ளை. எங்களுக்கு அவன் ‘இன்னொருவாட்டி’. பல் துலக்கிவிட்டு வந்து, துலக்கினோமா என்று சந்தேகப்பட்டு, திரும்பப் போய்த் துலக்குகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

திருத்தணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோடைக் கணித முகாம். பத்தாவதில் கணக்கில் வெளுத்துக்கட்டிய பிள்ளைகளை மே மாத வெயிலில் பிடித்துப்போட்டு, பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்காகப் பார்த்துக் கொடுப்பார்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி. கடைசி நாள் மேடையேறி, கண்டுபிடித்ததை விளக்கவேண்டும். சிறந்த ஜோடிக்குச் சென்னையில் அடுத்த முகாம். நான் சென்னைக்குப் போகிறேன் என்று என் நைனா ஆர்.கே.பேட்டை முழுக்க அதற்குள் சொல்லிவிட்டார். எனக்கு வாய்த்த ஜோடியோ இன்னொருவாட்டி.

ஒரு ஞாயிறு மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். உச்சி வெயில், வெறுங்கால். பிராகாரத்தைக் குதித்துக் குதித்து மூன்று சுற்று சுற்றி நிழலில் விழுந்தோம்.

“டேய், ரெண்டுதான் சுத்துனோமோ? இன்னொருவாட்டி சுத்திடலாம்டா.”

முருகன் விஷயத்தில் யார் ரிஸ்க் எடுப்பது? மொத்த முகாமும் அவனைத் திட்டிக்கொண்டே எழுந்து ஓடியது.

இன்னொரு நாள் கே.ஜி.கண்டிகையில் டீ குடித்துவிட்டு நாங்கள் இருவரும் நிற்கிறோம். பஸ் வந்தது. போர்டில் கொட்டை எழுத்தில் ‘திருத்தணி’. கண்டக்டரைக் கேட்டான். “ஆங், திருத்தணிதான், ஏறு.” அது போதாதென்று டிரைவரைக் கேட்க முன்னால் ஓடினான். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். இவன் புழுதியில் நின்று பார்த்து, “நேரா திருத்தணி ரோட்டுலதான் போய்கினு இருக்குது. அப்ப சரியான பஸ்ஸுதான்டா,” என்றான். டீக்கடையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

எங்களுக்குக் கிடைத்த கணக்கு சின்னது. ஒரு வட்டம். அதன் விளிம்பில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோடு போட்டு இணைத்தால் வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகும்? இரண்டு புள்ளிக்கு இரண்டு துண்டு. மூன்றுக்கு நாலு. நாலுக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. அப்படியென்றால் ஆறுக்கு முப்பத்திரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாமே? கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன்.

“ஆறையும் போட்டுப் பாத்துடலாம்டா,” என்றான்.

“உன் தலை. சும்மா கிட,” என்றேன்.

கடைசி நாள். நைனா உறவுக்கூட்டத்தோடு டவுன் பஸ் பிடித்து வந்து, இரண்டாவது வரிசையில் எழுந்து நின்று செல்போனில் படமெடுக்கிறார். நான் பொளந்துகட்டினேன். இரட்டிப்பு, இரட்டிப்பு, முப்பத்திரண்டு! கைதட்டல் ஓயவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியை அம்மா மட்டும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அவருக்குச் சாப்பாட்டு நேரமோ என்னவோ, எழுந்து வந்து என் தோளில் பொன்னாடையைப் போர்த்தியே விட்டார்.

“ஐயா, ஒரு நிமிஷங்க.”

கரும்பலகை மூலையில் சாக்பீஸும் கையுமாக இன்னொருவாட்டி.

“ஆறு புள்ளி வச்சு எண்ணிக்கினே இருக்கேங்க. ஒருவாட்டி முப்பது வருது. புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வச்சா முப்பத்தொண்ணு வருது. முப்பத்திரண்டு மட்டும் வரவே மாட்டேங்குதுங்க.”

“ஒண்ணுதானேப்பா? அட்ஜஸ்ட் பண்ணிக்க,” என்றார் முதலாளி.

சிரிப்பில் பந்தல் குலுங்கியது. பொன்னாடையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி கழற்றினேன். அது ஒரு தோளில் தொங்கியது. பூமி பிளக்கவில்லை. நைனாவோ என்ன நடக்கிறதென்று புரியாமல் படமெடுத்துக்கொண்டே இருந்தார். அந்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னமும் தீபாவளிக்குத் தீபாவளி சுற்றுகிறது.

பேராசிரியை பலகைக்கு வந்து தானே எண்ணினார். “முப்பத்தொண்ணுதான் அதிகபட்சம். இங்கதான் எல்லாரும் விழுவாங்க. தம்பி, நீ சென்னைக்கு வா.”

“ரெண்டு பேருங்க,” என்றான்.

“அவன் முப்பத்திரண்டுன்னு சொன்னானே?”

“ஆங். அவன் அவ்ளோ உறுதியா சொல்லலைன்னா எனக்கு சந்தேகமே வந்திருக்காதுங்க.”

மறுபடி சிரிப்பு. இந்த முறை அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “சரி, ரெண்டு பேரும் வாங்க,” என்றார். என்னைத் தலைகுனிய வைத்தவனே எனக்காகக் கைகட்டி நிற்கிறான்; அவமானம் அப்போதுதான் நிஜமாகவே உறைத்தது. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவனோ என் பக்கம் சாய்ந்து, “ரெண்டு பேருன்னுதானேடா சொன்னாங்க? இன்னொருவாட்டி கேட்டுடட்டுமா?” என்றான்.

பிறகு எத்தனையோ மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் என் கண் மேடை மூலையைத்தான் தேடும். அவன் நிற்காத மேடையில் வாங்கிய கைதட்டல் எதையும் நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.